தனிக்கரையும் தனியுரிமையும்

ஆளரவமற்ற ஒரு தீவின் பாறைக் கரைக்கு வள்ளமேறிச் சென்று, வெயில் உச்சிக்கு ஏறும்வரை கடலில் நீந்திவிட்டு வருவதில் அறம் பற்றிய வினா ஏதும் எழ இடமில்லை என்றே பலரும் கருதுவர். நீந்துபவன் யாரையும் அடிக்கவில்லை. யாருடைய உடைமையையும் பறிக்கவில்லை. நீரும் வானமும் எல்லோருக்கும் பொது. இதில் ஆராய என்ன இருக்கிறது? நமது நண்பர்களிலே வேறு சிலர் இதற்கு நேர்மாறான முடிவோடு இருக்கின்றனர். ஒருவன் வெயிலிலே வலையிழுக்க, இன்னொருவன் நீரிலே மிதப்பது பூர்ஷ்வாச் சோம்பல் என்பதும், அழகை நாடித் தனிமைக்கு ஓடுவது சமுதாயத்தை விட்டு ஓடுவதேயாகும் என்பதும் அவர்கள் கட்சி. இவ்விரு கூற்றுகளும் எனக்கு உடன்பாடானவை அல்ல. முன்னது வள்ளத்தை ஓட்டி வந்தவனை மறந்துவிடுகிறது. பின்னது, அவனுக்கும் வலையை வைத்துவிட்டுச் சும்மா நீரில் கிடக்கும் ஒரு நாள் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறது.

பின்னதை முதலிலே தீர்த்துவிடலாம். கார்ல் மார்க்சின் மருமகன் போல் லாபார்க் 1880 ஆம் ஆண்டிலே சோம்பியிருக்கும் உரிமை பற்றி எழுதியபோது, அது கேலியும் உண்மையும் கலந்த எழுத்தாக இருந்தது. உழைப்பைத் தெய்வமாக்கித் தொழிலாளியின் கழுத்திலே கட்டிவிட்டவர்களை அவர் பரிகசித்தார். அந்தப் பரிகாசம் 1936 இல் பிரான்சிலே சட்டமாயிற்று. வேலைநிறுத்தங்களின் பேரலைக்கு நடுவே, லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைத் தொழிலாளர்க்கு வழங்கியது; குறைந்த கட்டணப் புகையிரதச் சீட்டும் கிடைத்தது. அந்தக் கோடையிலே எத்தனையோ குடும்பங்கள் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. தங்கள் கரைகளுக்குத் தொப்பியணிந்த தொழிலாளர் வந்து இறங்குவதைக் கண்டு செல்வர் முகஞ்சுளித்ததும் வரலாறே. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் மிஞ்சிய நேரத்தையும் கூட்டங்களில் கழிக்கவா போராடினார்கள்? கூட்டங்கள் வேண்டும், கடலும் வேண்டும்.

ஆகவே, நீந்தச் செல்வது பிழையா என்பது நம் வினா அன்று. தனிமை என்ற ஒன்றை மனிதன் எவ்வாறு அடைகிறான், அது யாருடைய செலவில் வருகிறது, அதை எவ்வாறு பங்கிடலாம் என்பவையே வினாக்கள். அருகிலுள்ள ஓரிடத்தை வைத்துக்கொண்டு இதைச் சிந்திப்போம்.

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலே புறாத்தீவு கிடக்கிறது. புறாமலை என்று வழங்குவோரும் உண்டு. உண்மையில் அவை இரண்டு: ஒன்று பெரியது, மற்றது சிறியது. பெரியதென்று சொல்லப்படுவதும் நீளத்திலே ஏறக்குறைய 200 மீற்றர், அகலத்திலே 100 மீற்றர் அளவே. பாறை இடுக்குகளிலே மாடப்புறாக்கள் கூடு கட்டும். பெயரும் அதனால் வந்தது. வாடைக் காற்றின் மாதங்களிலே அங்கே வள்ளம் ஒதுங்க முடியாது. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் குளம் போலத் தெளிந்து நிற்கும். அப்போது முகமூடிக் கண்ணாடியொன்றை அணிந்து நீரிலே முகம் புதைத்தால், கரையிலிருந்து பத்து முழத்திலேயே முருகைக் கற்களின் காடு தெரியும். மான்கொம்பு போலக் கிளைத்தவை, குடை போல விரிந்தவை, மூளை போலச் சுருண்டவை என அவற்றின் வடிவங்களுக்கு முடிவில்லை. அவற்றின் ஊடே நிறநிறமாக மீன்கள்; நேரம் வாய்த்தால் கருமுனைச் சுறாவொன்று நம்மைச் சிறிதும் பொருட்படுத்தாது கடந்து போகும். நீருக்கு மேலே உள்ள உலகம் அந்த நேரத்தில் நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. பரீட்சை விடைத்தாள், சம்பளக் கடன், அதிபரின் சுற்றறிக்கை யாவும் எங்கோ ஒழிந்து போகின்றன. இந்த அனுபவத்தைச் சிறுமைப்படுத்துபவர் அதனை அறியாதவர் என்றே சொல்வேன்.

ஆனால் இந்தத் தனிமை இயற்கையாக அங்கே கிடந்து நம்மை எதிர்நோக்கி இருந்த பொருளா? வெள்ளையர் ஆட்சியிலே அத்தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டது. அப்போது அங்கே நிலவிய வெறுமை குண்டுக்கு அஞ்சிய வெறுமை. 1963 இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2003 இல் தேசியப் பூங்காவாயிற்று. இடையிலே போர். 1983 க்கும் 2009 க்கும் இடைப்பட்ட நீண்ட காலத்திலே, கடற்றடைகளும் இடம்பெயர்வுகளும் அந்தக் கரைகளைக் காலிசெய்து கிடத்தின. அன்றிருந்ததைப் போன்ற பரிபூரணத் தனிமை நிலாவெளிக் கரையிலே முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. அந்தத் தனிமையை யாரும் விளம்பரம் செய்யவில்லை. போர் ஓய்ந்ததும் தெற்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பயணிகள் திரண்டனர். இன்று வனசீவராசிகள் திணைக்களத்தின் சீட்டைப் பெற்று, வள்ளக் கூலியையும் கொடுத்து, உயிர்காப்பு அங்கியும் அணிந்து நாம் அங்கே செல்கிறோம். தனிமை என்று நாம் சொல்வதற்குள்ளே ஒரு வள்ளமோட்டியின் உழைப்பும், ஒரு காவலனின் உழைப்பும், அந்த எல்லைக்குள் இனி வலை வீசக்கூடாதென்று விலக்கப்பட்ட மீனவனின் இழப்பும் அடங்கியுள்ளன.

மீனவனைக் குற்றமற்ற தெய்வமாக்கவும் நான் விரும்பவில்லை. வெடி வைத்து மீன் பிடிப்போர் திருகோணமலைக் கடலிலே உண்டு. ஒரே வெடியிலே ஒரு தலைமுறையின் முருகை சிதறிப் போகும். அதைத் தடுக்கத்தான் வேண்டும். எனினும், வலையை விலக்கிய இடத்திலே செருப்புக் காலோடு முருகையின் மேல் ஏறி நின்று படமெடுக்கும் பயணியை என்னவென்பது?

ஓர் இடம் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதப்படும்போது யார் மறைக்கப்படுகிறார் என்பதையும் கவனிக்கவேண்டும். இத்தாலியின் கப்ரித் தீவிலே நீலக் குகை என்றொன்று உண்டு. அதன் வாயில் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீற்றரே. சிறு தோணியிலே மல்லாந்து படுத்தால்தான் உள்ளே நுழையலாம். வெயிலொளி நீருக்கடியிலே புகுந்து குகை முழுவதையும் நீலமாக்கும். 1826 இல் ஜெர்மானியக் கவிஞர் அவுகுஸ்ட் கோபிஷ் தம் நண்பரான ஓவியர் ஒருவரோடு அதனுள்ளே நீந்திச் சென்றார். ஐரோப்பா அதைக் கண்டுபிடிப்பென்று கொண்டாடியது. அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவன் கப்ரி மீனவன் ஒருவன். தீவாருக்கு அக்குகை தெரியும். அதற்குத் தாமிட்ட பெயரும் இருந்தது. அச்சத்தால் அதை விலகிச் சென்றனர் என்பது வேறு. உரோமர் காலத்துச் சிலைகள் 1964 இல் அதன் அடியிலிருந்து எடுக்கப்பட்டன. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னமே அங்கே நீராடியவர் இருந்திருக்கின்றனர். வள்ளமோட்டிகள் அறிந்த இடம் பயணி வரும்வரை 'அறியப்படாத' இடமாகவே கணக்கில் கொள்ளப்படும்.

நம் இலக்கியம் இவ்விடத்தில் நமக்குத் துணை செய்கிறது. நெய்தல் நிலத்துக் கானலைத் தனிமையின் இடமாகவும் இரங்கலின் இடமாகவும் பாடிய புலவர்கள், அங்கே பரதவர் வாழ்கின்றனர் என்பதை மறக்கவில்லை. அலையும் தாழையும் வரும் பாட்டிலேயே உணங்கும் மீனும், அதைக் கவரவரும் புள்ளை ஓட்டும் பெண்ணும் வருகின்றனர். நற்றிணையிலே ஒரு தோழி, தேரேறி வந்த நகரத்துச் செல்வனிடம், எங்கள் மேனியிலே புலால் நாறும், நீர் அப்பால் நில்லும் என்ற கருத்துப்படப் பேசுகிறாள். தம் கடற்கரைக்கு இன்பம் நாடி வந்தவனை ஒரு பெண் நிமிர்ந்து நின்று அளந்து பார்க்கும் இடம் அது. உரையாசிரியர்கள் இதைத் துறைவகுத்துக் கடந்துவிடலாம். வகுப்பிலே இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் குரலிலே வர்க்க உணர்வின் சாயலொன்றை நான் கேட்கிறேன்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்துக்கொள்வோம். 1844 இல் ஆங்கிலக் கவிஞர் வேட்ஸ்வேத், கெண்டலிலிருந்து விண்டமியருக்குப் புகையிரதப் பாதை அமைப்பதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். ஒரு பாட்டும் எழுதினார். ஆலை நகரங்களின் தொழிலாளர் ஒரு நாளிலே திரளாக வந்திறங்கினால் ஏரிப் பிரதேசத்தின் அமைதி கெடும் என்பதும், மலையழகை நுகரும் பயிற்சி அவர்களுக்கு இல்லை என்பதும் அவர் கருத்து. இளமையிலே பிரெஞ்சுப் புரட்சியை வாழ்த்திய அதே கவிஞர்தாம் இவர். அதே ஏரிப் பிரதேசத்தை, காணக் கண்ணும் நுகர நெஞ்சும் உள்ள எவர்க்கும் உரிய தேசியச் சொத்தென்று கருதியவரும் இவரே. யாருக்குக் கண் உண்டு, யாருக்கு நெஞ்சு உண்டு என்று தீர்ப்பளிக்கும் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டபோதுதான் கவிஞர் வழி தவறினார். 1847 இல் புகையிரதம் ஓடத் தொடங்கியது.

கவிஞரின் ஆணவத்தை நிராகரிப்பது எளிது. ஆயினும் அவர் அஞ்சிய பொருள் பொய்யன்று. நான்காண்டு கழித்து, 1848 இல், பொருளியல் நூலொன்றிலே ஜோன் ஸ்ருவேர்ட் மில், தனிமையின்றி ஆழ்ந்த சிந்தனையும் இல்லை, ஆழ்ந்த குணமும் இல்லை என்று வாதித்தார். இயற்கைக்கென்று ஒரு துண்டு நிலமும் விடாது உழுது தீர்த்த உலகத்தை அவர் வெறுத்தார். அவர் தொழிலாளரின் பகைவர் அல்லர்.

தாய்லாந்தின் பீபீ லே தீவிலே செங்குத்தான பாறைகளால் சூழப்பட்ட மாயா குடாவின் கதை இதைத் தெளிவாக்கும். யாரும் அறியாத கடற்கரையொன்றைத் தேடும் இளைஞர் பற்றிய திரைப்படம் அங்கே எடுக்கப்பட்டு 2000 இல் வெளிவந்தது. யாரும் அறியாத கரையைக் காண நாளொன்றுக்குச் சில ஆயிரம் பேர் படகேறினர். நங்கூரமும், இயந்திரமும், மிதிக்கும் காலும் சேர்ந்து முருகையை அழித்தன. 2018 யூன் மாதத்தில் குடா மூடப்பட்டது. 2022 சனவரியிலேதான் மீண்டும் திறந்தது. படகுகள் இப்போது குடாவுக்குள் நுழைவதில்லை. தீவின் பின்புறத்தே ஒதுங்குகின்றன. மூடியிருந்த காலத்திலே கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. திரண்ட முருகைக் கல் ஓராண்டிலே ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். நம் ஒரு காலடியை ஆற்ற அதற்கு எத்தனை ஆண்டு வேண்டும்!

ஆகவே எண்ணிக்கைக்கு ஓர் எல்லை வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாத முற்போக்கு வெறும் கோஷமே. 'எல்லோருக்கும் எல்லாம், எப்போதும்' என்றால் புறாத்தீவிலே எஞ்சுவது பாறையும் போத்தலுமாகவே இருக்கும். அதே வேளையில் பெரிய குற்றவாளியை மறந்துவிட்டுச் சிறிய குற்றவாளியைப் பிடிப்பதும் நேர்மையன்று. 1998 இல் கடல் வெப்பம் ஏறியபோது இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளின் முருகைகளிற் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. திருகோணமலைப் பகுதி பெரிதும் தப்பியது. அந்த வெப்பத்தை உண்டாக்கியவர் நிலாவெளியிலே நீந்தியவரும் அல்லர், வலை வீசியவரும் அல்லர். நிலக்கரியையும் எண்ணெயையும் ஒன்றரை நூற்றாண்டாக எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள் வேறெங்கோ இருக்கின்றன.

எல்லை வேண்டுமென்றால், அந்த எல்லையை எதனால் அளப்பது? சந்தை தரும் விடை நமக்குத் தெரியும்: விலையை ஏற்று, கொடுக்கக்கூடியவன் போவான். உலகின் எத்தனையோ தீவுகளிலே இன்று இதுதான் நடக்கிறது. முழுத் தீவையும் ஒரு விடுதிக்குக் குத்தகைக்கு விட்டு, 'தனிமை' என்று பெயரிட்டு இரவுக் கணக்கில் விற்கின்றனர். அங்கே விற்கப்படுவது தனிமையல்ல. மற்றவரை அப்புறப்படுத்தும் சேவை. அந்த விருந்தினனுக்குச் சமைக்கவும், துவைக்கவும், வள்ளமோட்டவும் அவனைப் போல் பலர் அதே தீவிலே இருக்கின்றனர். அவர்கள் கண்ணிற் படாமல் இருக்கப் பழக்கப்பட்டவர்கள், அவ்வளவே.

விடையை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அதே கரையிலே கரைவலை இழுப்போரிடம் அது உண்டு. கரைவலை போடுவதற்கு ஏற்ற பாடு கரை நெடுகிலும் இல்லை; ஒரு பாட்டிலே ஒரே நேரத்தில் இரண்டு வலை போடவும் இயலாது. எனவே முறை வைத்துக்கொண்டனர். இன்று உன் முறை, நாளை என் முறை. மீன் படுவதும் படாததும் அவரவர் பேறு. சம்மாட்டியின் ஆதிக்கமும் சண்டையும் அங்கும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆயினும், அருகிய பொருளொன்றைப் பணத்தால் அளக்காமல் நாளால் அளக்கலாம் என்ற அறிவு அந்த ஒழுங்கிலே இருக்கிறது. வயலுக்கு வாய்க்கால் நீரைப் பங்கிடும் நம் விவசாயிக்கும் இது புதிதன்று. கரைவலைப் பாட்டுக்குப் பொருந்துவது முருகைக் கரைக்கு ஏன் பொருந்தாது? நாளுக்கு இத்தனை பேர் என்று வரையறுத்து, அந்த இடங்களிலே ஒரு பங்கைச் சீட்டுக் குலுக்கியோ முறை வைத்தோ அவ்வூர்ப் பள்ளிகளுக்கும், மீனவர் குடும்பங்களுக்கும், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் ஒதுக்கலாம். மலையகத்திலே எத்தனை பிள்ளைகள் கடலைக் காணாமலே பத்தாம் வகுப்பு முடிக்கின்றனர் என்பதை அங்கே கற்பித்த ஆசிரியர் அறிவர். நோர்வே நாட்டிலே 1957 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தரிசாகக் கிடக்கும் பிறர் கரையிலும் எவரும் வள்ளத்தை ஒதுக்கலாம், குடியிருக்கும் வீட்டுக்கு அப்பால் நின்று நீராடலாம் என்று உறுதி செய்தது. அந்நாடு பொதுவுடைமை நாடன்று.

இவ்வளவு நேரமும் தனிமையைச் செல்வனின் ஆசையாகவே பேசிவிட்டேன். அதை வேறு கண்ணாற் பார்க்கவைத்தது சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவரோடு புறாத்தீவுக்குப் போன ஒரு நாள். பையன்கள் வள்ளம் தரை தட்டுமுன்பே நீரிலே குதித்துவிட்டனர். மாணவிகள் செருப்பைக் கையிலே பிடித்தபடி பாறையில் அமர்ந்திருந்தனர். அவர்களிலே ஒருத்தி கடலுக்கு நூறு யார் தொலைவிலே பிறந்து வளர்ந்தவள். பருவகாலத்திலே அவள் தந்தை பயணிகளை அதே தீவுக்கு ஏற்றி இறக்குபவர். நீ ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன். "எங்கட ஊரில பொம்பிளைப் பிள்ளையள் கடலில குளிக்கிறேல்ல, சேர். எனக்கு நீந்தவும் தெரியாது," என்றாள். நடுப்பகல் கழிந்து மற்றப் பயணிகளின் வள்ளங்கள் திரும்பிய பின், உடன் வந்த ஆசிரியை என்னையும் பையன்களையும் தீவின் மறுபுறத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். அரைமணி நேரம் அக்கரை பெண்களுடையதாயிற்று. பாறைக்கு அப்பாலிருந்து எமக்குக் கேட்டது சிரிப்பொலி மாத்திரமே. வகுப்பறையிலே அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மில் சொன்ன தனிமை சிந்திக்கும் மனிதனுக்கு வேண்டியது. இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய தனிமை, உடம்பை உடம்பாக உணர்வதற்கு, பிறர் கண் படாமல் கையை வீசி நீரை அடிப்பதற்கு. தனிக்கரையைச் செல்வன் விரும்புகிறான். அது கிடைக்காவிட்டாலும் தன் ஊர்க் குளத்திலே நூறு பேர் நடுவிலும் அவன் நீந்துவான். அவளுக்கோ தனிக்கரை இல்லையென்றால் கடலே இல்லை. ஊர் நாவும் ஊர்க் கண்ணும் மாறவேண்டும் என்பது மெய். அதற்காக எழுதவும் பேசவும் வேண்டும். ஆனால் ஊர் மாறும்வரை அவள் கரையிலே காத்திருக்க வேண்டுமா?

இது பொழுதுபோக்குப் பற்றிய பேச்சு மாத்திரமல்ல. 2004 மார்கழி 26 இலே கடல் எழுந்து வந்தபோது இந்நாட்டிலே 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிழக்குக் கரையிலே ஆண்களைக் காட்டிலும் பெண்களே மிகுதியாக மடிந்தனர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முயன்றதும், காலைச் சுற்றிய சேலையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நீந்தவும் மரமேறவும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கியிருந்தோம் என்பதும் ஒரு காரணம். கடலோரத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சமூகம் தன் பெண்களுக்குக் கடலைக் கற்றுக்கொடுக்கவில்லை. தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் இதிலே ஒன்றுபோலவே வஞ்சிக்கப்பட்டனர்.

நீந்தக் கற்கத் தீவுதான் வேண்டும் என்பதில்லை. நிலாவெளிக் கரையே போதும், அங்கே மறைவான ஒதுக்கிடம் இருந்தால். விடுதிகள் நெருங்கிய கரையிலே அது இன்று அரிதாகிவிட்டது. கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலே, கிழமைக்கு ஒரு காலைப்பொழுது, முதல் வள்ளம் பயணிகளோடு புறப்படுமுன், புறாத்தீவின் மணல் படிந்த பகுதி, முருகைக்கு ஊறு நேராத அளவிலே, அவ்வூர்ப் பள்ளி மாணவிகளுக்கு முறையாக ஒதுக்கப்படலாம். நீந்தக் கற்பிக்கப் பெண் ஆசிரியைகள் வேண்டும்; நமது பயிற்சிக் கலாசாலைகளிலிருந்து அவ்வாறு எத்தனை பேர் வெளிவருகின்றனர் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்டுப் பார்க்கட்டும். பெற்றோர் இசையவேண்டும், முதலிலே தாய்மாரையே ஒருமுறை அழைத்துச் சென்றால் பாதி வேலை முடியும் என்று நினைக்கிறேன். இவ்வெண்ணத்தை அந்த மாணவியின் தந்தையிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "நல்லது சேர், நான் கொண்டுபோய் விடுறன். எண்ணெய்க் காசை மட்டும் ஆர் தாறதெண்டு முதலே சொல்லிப்போடுங்கோ," என்றார்.